ஸ்டோரில் காய்ந்த கேசட்

மூன்று நாளாக நம் சொந்தக்காரப் பிள்ளைகள் குழுவில் ஓடும் பஞ்சாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சித்தி மகன் கொளுத்திப் போட்டது. 'வீடியோ கேமில் கதை முக்கியமா, சண்டை முக்கியமா?' என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வயதில் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறோம்.

நானும் நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். நேற்று மதியம் அக்கா ஒரே ஒரு வார்த்தை போட்டாள். 'சண்டை.' அவ்வளவுதான். கீழே பத்துப் பேர் கட்டை விரல் காட்டியிருந்தீர்கள். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். 'என்னங்க, கால்ல சக்கரமா?' என்று வீட்டுக்காரி கேட்டாள். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதைதான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து விளையாடுகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால்தான் திரையில் ஓடும் வசனத்தைப் படிக்க முடிகிறது. எனக்குப் பிடித்த ஒரு கேமில் வாளை உறையிலிருந்து எடுக்கவே இரண்டு மணி நேரமாகும். அதுவரை ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவர் வீட்டுக் கஷ்டத்தையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மகளுக்குப் பிடித்தது அதற்கு நேர் எதிர். அதில் யாரும் வாயே திறப்பதில்லை. ஒரு ராட்சசன் வருவான். அவன் கை தூக்குவதைப் பார்த்து நகரத் தெரிந்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் சாவோம். 'அப்பா, நீங்க அடிக்கிறதவிட சாகுறதுதான் ஜாஸ்தி' என்பாள். அது உண்மை. பதினோரு வயதிலும் அதுதான் உண்மை.

பதினோரு வயதில் நாங்கள் போடியில் இருந்தோம். அப்பாவுக்கு மலையில், எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். அந்த ஆனி மாதம் பெரியம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடும் அக்காவோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெரியப்பா வரவில்லை. அவர் ஜீப்பு ஓட்டுபவர். அதுவரை காலையில் போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். தாடி வைத்திருப்பார். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே போவாளாம். 'பெரியப்பா எங்கம்மா?' என்று நான் கேட்டதற்கு, 'மலையில சோலி, வந்துருவாரு' என்றார் அம்மா. வீட்டில் எல்லோரும் அதே வாக்கியத்தை, அதே மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

பெரியம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். அக்கா அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள். வந்த முதல் இரண்டு வாரம் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. கொடியில் காயும் துணியை எடுப்பாள், மறுபடி போடுவாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். ஜீப்பு ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அவளை உட்காரவைத்தது மாமாவின் பெட்டிதான். அம்மாவின் தம்பி வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த கேம் மெஷின் அது. வெள்ளை உடம்பு, சிவப்பு மூடி, வால் மாதிரி வயர் நீளும் இரண்டு கைப்பிடிகள், கூடவே இரண்டு கேசட்டுகள்.

கறுப்பு கேசட்டில் வெறும் சண்டை. இரண்டு பேர் நிற்பார்கள், மணி அடிக்கும், அடித்துக்கொள்வார்கள். மஞ்சள் கேசட்டில் கதை. தலைப்பாகை கட்டிய ஒரு குட்டிப் பையன் வாளோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். காடு, ஆறு, மூன்று கோட்டை. வழியில் பார்க்கிறவர்களெல்லாம் அவனிடம் பேசுகிறார்கள். பேச்சு திரையின் அடியில் பெட்டி கட்டி எழுத்தாக வரும். அந்த எழுத்துதான் பிரச்சினை. அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கோடும் சுழியுமாக ஏதோ ஒன்று.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் வாங்க வடக்கிலிருந்து வியாபாரிகள் வருவார்கள் அல்லவா, அவர்களோடு மகன் இந்தியில் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. என்னை இந்தி டியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அங்கே நான்கு மாதத்தில் கற்றது என் பெயரை எழுதவும், தண்ணீர் கேட்கவும்தான். முதல் நாள் அந்த மஞ்சள் கேசட்டைப் போட்டு நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"இது இந்திதானடா? நீ படிக்கிறதுதேன்."

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். நான் 'ஆமா' என்றேன். அது ஜப்பான் எழுத்து என்று எனக்கே கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஆனால் இந்தி இல்லை என்பது அன்றே தெரியும். மானம் போகக் கூடாதே என்று சொன்ன 'ஆமா' அது.

அன்றிலிருந்து நான் படித்தேன், அக்கா அடித்தாள். எனக்கு வாளை வீசவே வராது. மூன்றாவது எதிரியிடமே செத்துவிடுவேன். அக்காவின் கை வேறு மாதிரி. கேடயம் வைத்த ஒருவன் வருவான், அவனை எங்கே வெட்டினாலும் படாது. நான் நூறு தடவை பொத்தானைக் குத்தி ஓய்ந்துவிட்டேன். அக்கா வெட்டவேயில்லை. அவனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பார்த்தாள். பிறகு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். 'ஒன்னு, ரெண்டு, மூணு.' மூன்றில் அவன் கேடயம் ஒரு கண் சிமிட்டும் நேரம் இறங்கும். அங்கே ஒரே வெட்டு. ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் காலாட்ட மாட்டாள், வாசலைப் பார்க்க மாட்டாள், ஜீப்பு ஹாரன் கேட்காது.

"எதுக்குச் சண்டை போடுறோம்னே தெரியாமச் சண்டை போட்டா என்ன இருக்கு?" என்பேன் நான். கறுப்பு கேசட்டை மட்டமாகப் பேசுவது என் வழக்கம்.

"கதையே கேட்டுட்டு இருந்தா மூஞ்சியில அடி விழும். இந்தா, அவன் வர்றான் பாரு. வெரசா படி."

ஆக, நீங்கள் இப்போது போடுகிற பஞ்சாயத்தை நாங்கள் அப்போதே போட்டோம். ஆனால் ஒருவர் இல்லாமல் ஒருவரால் நகர முடியாது. அவள் ஜெயித்தால்தான் எனக்கு அடுத்த எழுத்துப் பெட்டி வரும். நான் படித்தால்தான் அவளுக்கு எங்கே போவது என்று தெரியும். உண்மையில் எங்கே போவது என்று எனக்கும் தெரியாது. நான்கு திசையில் ஒன்றைச் சொல்வேன். தப்பாகப் போனால், 'பொய் சொல்லியிருக்கான் அந்தக் கிழவன்' என்று கதையில் வந்தவர் மேல் பழியைப் போடுவேன்.

முதல் கோட்டையை அவள் முடித்த அன்று ஒரு படம் வந்தது. திரை முழுக்க ஒரு மனிதனின் முகம். கம்பிக்குப் பின்னால் இருக்கிறான், தாடி வைத்திருக்கிறான். அடியில் நான்கு வரி எழுத்து.

"யாருடா இவரு?"

எனக்குத் தாடி என்றால் ஒரே ஒரு ஆள்தான். "அந்தப் பையனோட அப்பா" என்றேன்.

அக்கா கைப்பிடியைக் கீழே வைத்தாள். "என்னன்னு போட்டுருக்கு?"

"வரணும்னுதேன் இருக்காராம். கோட்டையில அடைச்சு வச்சுருக்காங்களாம். அதான் வர முடியலையாம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். பெரியம்மா அதைக் கவனித்து அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்துகொண்டேன். அடுத்தடுத்த நாள்களில் கம்பிக்குப் பின்னாலிருந்த அப்பாவுக்கு நான் ஏகப்பட்ட வசனம் எழுதினேன். பையனுக்குக் கடுதாசி அனுப்பினார், காவல்காரனிடம் கெஞ்சினார், மகன் ஞாபகத்தில் சோறு உண்ணாமல் கிடந்தார்.

ஆவணியில் ஒரு வடநாட்டு வியாபாரி எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாடு முடிந்ததும் டிவியைப் போடச் சொன்னார். "நம்ம பய இந்தியை அப்படியே படிச்சுருவான் சேட்டு, பாருங்க."

அக்கா மெஷினைப் போட்டாள். எழுத்துப் பெட்டி வந்தது. வேறு வழியில்லை, நான் தமிழில் அடித்துவிட்டேன். "ஆத்துக்கு அங்கிட்டு போ, அப்பாவோட மோதிரம் கெடக்கும்." வியாபாரி வெற்றிலையை மென்றபடி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, கைப்பிடியை இறுகப் பிடித்து உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். "ரொம்ப சரி. நல்லா படிக்கிறான்" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். அப்பாவின் சந்தோஷத்தை ஏன் கெடுப்பது என்று நினைத்திருப்பார், அல்லது பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று நினைத்திருப்பார். நல்ல மனுஷர். அன்று அவர் சிரித்துக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருந்திருக்காது.

அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா பெரியப்பாவைத் தேடி மலைக்குப் போய்விட்டு வந்தார். நான் அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் இருந்தேன். மெஷினைத் தூசி படாமல் வைக்க ஒரு அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசினார்.

"அங்கிட்டு ஒரு வீடு இருக்கு அவருக்கு. கைப்புள்ள ஒன்னும் இருக்கு. வர மாட்டேன்னுட்டாரு. மூஞ்சியப் பாத்தே சொல்றாரு."

"எங்கக்காட்ட நான் சொல்றேன். புள்ளைட்ட ஒருத்தரும் மூச்சு விட வேணாம். பெரிய பரிச்ச வரைக்கும் போகட்டும்" என்றார் அம்மா.

அப்படித்தான் முடிவு செய்தார்கள். அம்மா, அப்பா, பெரியம்மா மூவரும் சேர்ந்து, நல்லது என்று நினைத்துத்தான். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்காக ஒரு பெண்ணை ஒரு வருடம் ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அலையவிட்டார்கள். எனக்கு இன்று மகள் இருக்கிறாள். அந்த முடிவை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார்கள். நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், தினமும் சாயங்காலம், டிவியைப் பார்த்து.

கதையை மாற்றப் பார்த்தேன். இரண்டாவது கோட்டை முடிந்து மறுபடி தாடிக்காரர் வந்தபோது, "இவரு அப்பா இல்லக்கா. அப்பா மாதிரி வேசம் போட்ட மந்திரவாதி" என்றேன்.

அக்கா விளையாட்டை நிறுத்தினாள். "போன வாரம் வேற படிச்ச."

"தப்பாப் படிச்சுட்டேன்."

"சேட்டு சரின்னாருல்ல? ஒழுங்காப் பாத்துப் படி."

நான் எழுத்துப் பெட்டியைப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். "அப்பாதேன்" என்றேன்.

அவள் மூன்றாவது கோட்டைக்குள் போனாள். அங்கே இரும்புக் குதிரையில் ஒருவன். மூன்று தடவை பாய்வான், நான்காவது பாய்ச்சலில்தான் விலா தெரியும். அக்கா ஒரு வாரம் அவனிடம் செத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனாள். அவள் செத்த ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதி. கோட்டை முடிந்தால் கம்பி திறக்கும். அந்தத் தாடிக்காரர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து வந்தால் அக்கா நம்பிவிடுவாள். செத்துக் கிடந்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இரண்டில் எது வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் போவது நான்.

காலாண்டு லீவில் எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். அக்கா விடாமல் கெஞ்சி சின்ன டிவியையும் மெஷினையும் கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றவைத்தாள். வளைவுகளில் அவள் எண்ணவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்பின் டிரைவர் முகத்தையும் பார்த்தாள்.

மலையில் மழையென்றால் நம் போடி மழை இல்லை. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி உரசாது, உப்பு ஒழுகும், துணி ஒரு வாரமானாலும் காயாது. அதனால் அங்கே எது ஈரமானாலும் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற வீட்டைத்தான் ஸ்டோர் என்பார்கள். வெளியே இருக்கும் அடுப்பில் விறகு எரியும், சூடு பெரிய இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும், மேலே கம்பி வலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். ஓரத்தில் ஒரு கொடியில் குழந்தைத் துணி, பள்ளிக்கூடப் புத்தகம், பீடிக்கட்டு, சாமி படம் எல்லாம் சேர்ந்து காயும். உள்ளே நுழைந்தால் கண் எரியும், ஆனால் அந்த வாசனைக்காகவே ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

போன மறுநாள் காலையில் மெஷின் வேலை செய்யவில்லை. திரையில் வெறும் கோடு. அக்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அடுப்புக்கு விறகு தள்ளுகிற அண்ணன் அதைப் பார்த்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், எங்களுக்கு ஸ்டோர்க்கார அண்ணன். "ஈரம் கேறிப்போச்சு, வேற ஒன்னுமில்ல. கொண்டா இங்கிட்டு" என்று வாங்கி, மெஷினையும் மஞ்சள் கேசட்டையும் கதவோரக் கொடியில் ஒரு துணிப்பையில் தொங்கவிட்டார். அரை மணி நேரம் கழித்துப் போட்டால் படம் பளிச்சென்று வந்தது. அன்று சாயங்காலமே அக்கா குதிரைக்காரனின் விலாவில் இரண்டு வெட்டு வைத்துவிட்டாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"நாளைக்கு முடிச்சுருவேன்டா. அவரு வெளிய வந்துருவாருல்ல?" என்றாள். அவள் அவ்வளவு சிரித்து அந்த வருடம் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் பெண்கள் காய் பறிக்கப் போயிருந்தார்கள், அக்காவும் கூடப் போயிருந்தாள். நான் மஞ்சள் கேசட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். அண்ணன் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"என்ன அப்பு?"

"கேசட்டு ஈரமாயிருச்சுண்ணே."

"கொடியில போடு."

நான் கொடியில் போடவில்லை. தட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து, அடுப்புச் சுவரை ஒட்டி, குழாய் உள்ளே வருகிற இடத்தில் வைத்தேன். அங்கே இரும்பு சிவக்கச் சிவக்க இருக்கும். வைத்துவிட்டு ஓடைவரைக்கும் ஓடினேன். அங்கே நிற்கவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை. ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக்கொண்டே இருந்தேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. ஏலக்காய் பக்கத்திலிருக்கும் வாடையைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் அந்த அறையிலிருந்த காய் முழுக்க ஏறிவிட்டது. அப்பா ஒரு காயை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு வீசினார். பறிக்கிற பெண்கள், கங்காணி எல்லோர் முன்னாலும் ஸ்டோர்க்கார அண்ணனை வைதார். "சின்னப் புள்ளைகளுக்கு எடங்குடுத்து, கண்டதையும் ஸ்டோர்ல வைக்கச் சொல்லி, ஒரு லோடு காயைப் பாழாக்கிட்டியேடா!" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புத்தேன்" என்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் ஈரத்தைக் காயவைக்கப் போய் நடந்த விபத்து என்றே நம்பினார்கள். அந்த மலையில் வேறு மாதிரி நினைக்க யாருக்கும் தோன்றாது.

அவருக்குத் தோன்றியிருக்கிறது. மறுநாள் காலையில் அடுப்பருகே என்னைப் பார்த்து, சிரிக்காமல், கேட்டார்: "ஈரமெல்லாம் போயிருச்சா, அப்பு?"

அடுத்த பறிப்புக்கு அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவில்லை. வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் எங்கே என்று சொல்ல யாருமில்லை.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுருங்கி வளைந்துபோன அந்த மஞ்சள் கட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் இரும்புக் குழாயின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அதைக் கேட்டாள்.

"முடிவு என்னடா? அட்டையில போட்டுருக்கும்ல. நீதான படிப்ப."

கேசட் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம் நிறைய எழுத்து உண்டு. அதை என் கையில் கொடுத்தாள். சொல்லியிருக்கலாம். எனக்கு இந்த எழுத்து தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, பெரியப்பா வர மாட்டார் என்றே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"அப்பா வந்துருவாரு" என்றேன்.

"எப்ப?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "மழை விட்டதும்."

கதையின் முடிவைச் சொல்லப் பயந்து கேசட்டை எரித்தவன், கடைசியில் முடிவை நானே சொல்லிவிட்டேன். அதுவும் இதைப் போய்ச் சொன்னேன்.

லீவு முடிந்து போடிக்குத் திரும்பினோம். அந்த வருடம் ஐப்பசி முழுக்க மழை, கார்த்திகையிலும் மழை. அக்கா மழையைத் திட்டவில்லை, பொறுமையாக இருந்தாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பது நின்றிருந்தது. புள்ளை தெளிஞ்சுருச்சு என்று பெரியம்மா சந்தோஷப்பட்டார். மழை விட்ட அன்று சாயங்காலம் அக்கா தலை சீவி, பூ வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனாள். மலையிலிருந்து ஜீப்புகள் வரிசையாக இறங்கின. சாக்குக் கட்டிய இடுப்போடு பெண்கள் குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடினார்கள். பெரியப்பாவைத் தெரிந்த டிரைவர்கள் அக்காவைப் பார்த்ததும் டயரைத் தட்டிப் பார்க்கவும், கண்ணாடி துடைக்கவும் ஆரம்பித்தார்கள். ஒருவர் வந்து அவள் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும். நான்காம் நாள் கடைசி ஜீப்பும் காலியான பிறகு அக்கா கேட்டாள்.

"மழை விட்டு நாலு நாளாச்சேடா."

"மலையில இன்னும் விடல போலக்கா" என்றேன்.

அவள் திரும்பி மலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. உச்சிவரைக்கும் வெயில் அடித்தது. ரோடும், வளைவுகளும், வளைவில் திரும்புகிற ஒரு லாரியும்கூடத் தெரிந்தன.

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கறுப்பு கேசட்டைப் போட்டாள்.

"இதுல கதை இல்லல்ல?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றாள். மணி அடித்தது, சண்டை ஆரம்பித்தது. எண்ணத் தொடங்கினாள்.

அதன் பிறகு என்னை எதையும் படிக்கச் சொன்னதில்லை. பெரியப்பா வரவேயில்லை, அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்கா இன்று போடியில் முப்பது பெண்களை வைத்துக் கிடங்கு நடத்துகிறாள், நம் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறாள். சினிமாவுக்குக் கூப்பிட்டால் மட்டும் வர மாட்டாள். 'கதை கேக்க எனக்கு நேரமில்ல' என்பாள். நீங்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டீர்கள். நேற்று அவள் போட்ட 'சண்டை'க்கும் அப்படித்தான் கட்டை விரல் காட்டினீர்கள்.

அக்கா, இனி இதை உனக்குத்தான் எழுதுகிறேன். கேசட்டை ஸ்டோர்க்கார அண்ணன் எரிக்கவில்லை. நான் எரித்தேன். உன் அப்பா வர மாட்டார் என்று எனக்கு ஆவணியிலேயே தெரியும். எனக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

போன மாதம் மகள் அந்த விளையாட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். யாரோ புண்ணியவான்கள் அதை இங்கிலீஷில் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதே தலைப்பாகைப் பையன், அதே ஆறு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் படித்தேன். தாடிக்காரர் அப்பா இல்லை. வழிப்போக்கன், கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு உப்பு வியாபாரி. அந்தக் கதையில் அப்பா என்று ஒருவருமே இல்லை அக்கா. பையன் தன் ஊரில் அணைந்துபோன அடுப்புக்கு நெருப்பு வாங்கத்தான் கிளம்பியிருக்கிறான். அவனே போகிறான், அவனே கொண்டுவருவான் போலிருக்கிறது.

குதிரைக்காரன் முன்னால் மகள் வாளைத் தூக்கியபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். 'ஏம்ப்பா? முடிஞ்சுருமே!' என்று கத்தினாள். 'அது உங்க அத்தையோட சண்டை' என்றேன். அங்கேயே சேமித்து வைத்திருக்கிறேன். முடிவு என்ன என்று எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை போடிக்கு வர்றேன். மெஷினைக் கொண்டு வர்றேன். வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினாலும் சரி. மூன்று பாய்ச்சல், நான்காவதில் விலா, உன் கைக்கு மறந்திருக்காது. எழுத்துப் பெட்டி வந்தால் நீயே படி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.